தோட்டத்தில் மனநலம்: பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு திட்டம்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார்களுக்கான பயிற்சி வகுப்பில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை என்று சொன்னால் உங்களில் சிலர் எழுந்து போகப் பார்ப்பீர்கள். கொஞ்சம் இருங்கள். பேசப் போகிற விஷயத்தில் சம்பளமும் வரும், அரைப்பேரும் வரும், தீபாவளி அட்வான்சும் வரும். ஆனால் தலைப்பு மனநலம்.

ஒக்டோபர் 10ஆம் திகதி உலக மனநல தினம். இப்போது சில தோட்டங்களிலும் அந்த நாளை நடத்துகிறார்கள். பிள்ளைமடுவத்துக்கு முன்னால் ஒரு பதாகை கட்டுவார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து, கவலைப்படாதீர்கள், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று அரை மணித்தியாலம் பேசுவார். எல்லோருக்கும் ஒரு பணிசும் பிளேன்டீயும் கிடைக்கும். படம் எடுப்பார்கள். மறுநாள் காலையில் அதே பிரட்டு, அதே மலை, அதே தராசு. ஒன்றுமே நடக்காத தோட்டத்தைவிட இது மேல்தான், நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் மிச்சம் 364 நாள் இருக்கிறது. நம் சனங்கள் அதிகமாக நொந்து போகிற மாதமும் ஒக்டோபர் இல்லை.

எந்த மாதம் என்று செக்ரோலைப் பார்த்தாலே தெரியும்.

தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்குகிறோம். பிள்ளைகளுக்குத் துணி, வீட்டுக்குப் பலகாரம், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு. அதற்கடுத்த மாதங்களில் அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தை மாதம் பொங்கல். அதையொட்டிப் பாடசாலை தொடங்குகிறது, கொப்பி, சப்பாத்து, பை. அதே நேரம் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் பனியும் வெயிலும் சேர்ந்து கொழுந்தைக் கருக்கிவிடும். கொழுந்து இல்லாவிட்டால் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர். சில நாளில் வேலையே கொடுக்க மாட்டார்கள். ஆக, சம்பளம் குறைகிற மாதத்தில்தான் பிடிப்பும் கூடுகிறது, செலவும் கூடுகிறது. பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துக்கு இது மாறி வரும். அங்கே ஆடி, ஆவணிக் காற்றுக் காலத்தில்தான் கொழுந்து காய்கிறது.

அந்த மாதங்களில் ஒவ்வொரு லயத்திலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அடகுக் கடைக்குத் தோடு போகிறது. நுண்கடன் வசூலிக்கிறவர் வாசலில் வந்து நிற்கிறார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கணவன் குடித்துவிட்டு வருகிறான், அல்லது கடனைப் பற்றிக் கேட்டதால் குடிக்கப் போகிறான், எது முதல் என்று யாருக்கும் தெரியாது. தூக்கம் போகிறது. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று டிஸ்பென்சரிக்குப் போனால் பனடோல் இரண்டு கிடைக்கிறது. நோய் நெஞ்சில் இல்லை, சம்பளச் சிட்டையில் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை இது. தோட்டத்தில் மனநலத் திட்டம் என்று ஒன்று வருவதானால் அது தோட்டத்து வருஷத்தை வைத்துத்தான் எழுதப்பட வேண்டும். எந்த மாதம் கொழுந்து குறைகிறது, எந்த மாதம் அட்வான்ஸ் பிடிக்கிறார்கள், எந்த மாதம் மழை, எந்த மாதம் பரீட்சைப் பெறுபேறு, இதையெல்லாம் ஒரு கலண்டரில் குறித்து, அந்தந்த மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே செய்வதுதான் திட்டம்.

அட்வான்ஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து குறைகிற இரண்டு மூன்று மாதத்தில் பிடிப்பைப் பாதியாக்கி, கொழுந்து கூடுகிற மாதத்தில் மிச்சத்தைப் பிடித்தால் நிர்வாகத்துக்கு ஒரு சதம் நட்டமில்லை. காசு முழுவதும் திரும்ப வந்துவிடும். தொழிலாளிக்கோ அந்த இரண்டு மாதம் மூச்சுவிட வழி கிடைக்கும். இதற்கு ஆலோசகர் வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஒப்பீஸில் ஒரு தீர்மானம் போதும். மனநலத் திட்டத்தின் முதல் வரியாக இதை நாங்கள் எழுதச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இதெல்லாம் மனநலமா, தொழிற்சங்கப் பிரச்சினை அல்லவா என்று தோட்ட நிர்வாகம் கேட்கும். கேட்கட்டும். வேலைத்தலத்தில் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல்களை வெளியிட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அதோடு சேர்ந்து ஒரு கொள்கைக் குறிப்பு வெளியிட்டது. வேலைப்பளு, வேலை நேரம், மேலதிகாரி நடத்துகிற விதம், தொல்லை, அவமானப்படுத்தல் இவற்றைச் சரி செய்வதும், மேற்பார்வை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதிலே இருக்கிறது. தொழிலாளியை மட்டும் கூப்பிட்டு, நீ மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வேலைப் பக்கத்தில் நாங்கள் கேட்பவை பெரிய விஷயங்களும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிப் போட வேண்டும். ஒரு நாள் முழுக்க மலையேறி எடுத்த கொழுந்தில் இரண்டு கிலோ எங்கே போனது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறவளுக்கு இரவு தூக்கம் வராது. மலையில் பெண்களுக்கு மறைவான கழிப்பிடம் வேண்டும். இது இல்லாததால் காலையில் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். தலைவலிக்கும் எரிச்சலுக்கும் அது போதாதா? பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லி, சாதி சொல்லி, குடும்பத்தை இழுத்துத் திட்டுவது நிற்க வேண்டும். வேலையைப் பற்றிக் கண்டிக்கலாம், ஆளைக் கேவலப்படுத்தக்கூடாது. இதற்கு கங்காணிமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் வருஷத்தில் இரண்டு தடவையாவது பயிற்சி கொடுக்கச் சொல்கிறோம். அவர்களும் மேலிருந்து திட்டு வாங்குகிறவர்கள்தான், அதையும் மறக்க வேண்டாம்.

இப்போது செக்ரோலுக்குத் திரும்புகிறோம். மாதம் 22, 23 பேர் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று 12க்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன நடக்கிறது? வார்னிங் கடிதம் போகிறது. அதைப் பார்த்தவுடன் அந்த ஆள் இன்னும் சுருண்டு போகிறார். கடிதத்துக்கு முன்னால் ஒருவர் போய், "என்னம்மா, உடம்புக்கு என்ன? வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை. பேர் விழுகிறதுதான் முதல் அடையாளம். அது ஒப்பீஸில் ஒவ்வொரு மாதமும் எழுதப்படுகிறது. பார்க்கிறவர்கள் காசுக் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள்.

கேட்கப் போகிற அந்த ஆள் யார்? இதில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். தொங்கல் காம்பராவில் இரவு அழுதால் காலையில் பீலிக்கரையில் அது கதையாக ஓடும். அதனால்தான் நம் சனங்கள் வாயைத் திறப்பதில்லை. போதாததற்கு நமக்கு ஒரு சொல் இருக்கிறது: அங்கொடை. யாராவது கொஞ்சம் தடுமாறினால், இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும் என்று சிரிப்போம். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவனம். நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிச் சிரிப்போமா? கூட்டத்திலும் பஸ்ஸிலும் இந்தப் பகிடியை முதலில் நாம் நிறுத்த வேண்டும். மேடையில் பேசுகிற எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கேட்கிற ஆளாகக் கங்காணி இருக்கக்கூடாது, பேர் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். நலன்புரி உத்தியோகத்தர் உதவலாம், ஆனால் அவர் நிர்வாகத்தின் ஆள் என்ற எண்ணம் சனங்களுக்கு இருக்கிறது. நாங்கள் சொல்லப் போகிற அடுத்தது உங்களில் சிலருக்குப் பிடிக்காது: தோட்டத் தலைவரும் இருக்கக்கூடாது. நீங்கள் வழக்குப் பேசுகிறவர்கள். கணவன் மனைவி சண்டையில் இரண்டு பக்கமும் உங்களிடம்தான் வரும். இன்றைக்கு ரகசியமாகக் கேட்டதை நாளைக்குப் பஞ்சாயத்தில் வைத்திருக்க முடியாமல் திண்டாடுவீர்கள். அதோடு, வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் உங்களிடம் எப்படி வருவார்? இந்தத் திட்டம் சந்தா பார்க்கக்கூடாது. செக்ரோலில் பேர் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர்களும், தேயிலைச் செடியைப் பிரித்து வாங்கிப் பராமரிக்கிறவர்களும், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவர்களும் இதற்குள் வர வேண்டும்.

எங்கள் யோசனை, ஒவ்வொரு டிவிசனுக்கும் இரண்டு பெண், ஒரு ஆண். சனங்களே தெரிவு செய்யட்டும். பேச்சாளி வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் டிவிசனில் அப்படி ஓர் அக்கா நிச்சயம் இருப்பார், எல்லோரும் போய் அழுகிற ஓர் அக்கா. அவருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலமாகவும், மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு மூலமாகவும் பயிற்சி கேட்டு எழுதுவோம். அவர் வைத்தியம் பார்க்கப் போவதில்லை. கேட்பார், கூட இருப்பார், தேவையானால் கிளினிக்குக்குக் கூட்டிப் போவார். கேட்டதை வெளியில் சொன்னால் அந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வோம். மாதத்தில் அரை நாள் அவர் இந்த வேலைக்குப் போனால் அந்த அரை நாள் பேர் விழக்கூடாது. நிர்வாகம் இந்தத் திட்டத்தில் எவ்வளவு அக்கறையாக இருக்கிறது என்பது இந்த அரைப்பேரில் தெரிந்துவிடும்.

கிளினிக் விஷயமும் அப்படித்தான். மனநலக் கிளினிக் மாதத்தில் குறிப்பிட்ட நாளில் நடக்கும். போக பஸ் காசு, அன்றைய சம்பளம் நட்டம், வரவுக்கொடுப்பனவும் போகும். இரண்டு மாதம் போய்விட்டு மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பி வரும். ஆகவே கிளினிக் துண்டு காட்டினால் அந்த நாள் வேலைக்கு வராத நாளாகக் கணக்கிடக்கூடாது என்று கேட்போம். துண்டில் என்ன நோய் என்று ஒப்பீஸில் கேட்கக்கூடாது, திகதியும் முத்திரையும் போதும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாத இடங்களில் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். சொந்தப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பெரிய பாவம்.

சாமியாடி, கோடாங்கி என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காக அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். கோயிலுக்குப் போவதால் மனதுக்கு ஆறுதல் என்றால் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்து சில வாரத்தில் சில தாய்மார் காரணமில்லாமல் அழுவார்கள், பிள்ளையைத் தூக்கவே பிடிக்காது என்பார்கள். திமிர் என்று மாமியார் சொல்வார். திமிர் இல்லை, அது ஒரு நோய், குணமாகக் கூடிய நோய். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, பேசக் கஷ்டமான விஷயம். உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரையாவது தெரியாத டிவிசன் நம்மிடையே குறைவு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. நாட்டில் கவலை குறைந்ததாலா? இல்லை, யுத்தமும் வறுமையும் இருந்த காலம் அது. மிகக் கொடிய பூச்சிகொல்லி, களைகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆத்திரமோ துயரமோ உச்சத்தில் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், பலர் பிழைத்து, பிறகு வாழ்ந்து, பேரப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள்.

இதிலிருந்து தோட்டத்துக்கு என்ன வேலை வருகிறது? மருந்தடிக்கிறவர்கள் மிச்ச மருந்தைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, மரக்கறித் தோட்டத்துக்கு என்றாலும் கூடாது. ஸ்டோர் பூட்டுப் போட்டு, சாவி ஒருவரிடம், எடுத்ததும் திரும்பக் கொடுத்ததும் புத்தகத்தில். வெறும் போத்தல்களும் எண்ணப்பட வேண்டும். மனநலத் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி, பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலை என்று ஒதுக்க வேண்டாம்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றவர் மேல் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அது குற்றமில்லை. தாமதிக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் சும்மா மிரட்டுகிறான் என்று விடாதீர்கள். நேரடியாகவே கேளுங்கள், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், இரவு பகல் எப்போதும் பேசலாம், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938 இருக்கிறது. இந்த இலக்கங்களைப் பிரட்டுக்களத்தில் மட்டும் ஒட்டிப் பயனில்லை, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், பிள்ளைமடுவம், டிஸ்பென்சரி, சலூன் கடை இங்கெல்லாம் ஒட்டுங்கள். சிக்னல் கிடைக்காத டிவிசன்களில் பிள்ளைமடுவத்திலோ டிஸ்பென்சரியிலோ ஒரு போன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடத்தோடு.

மழை மாதங்களுக்குத் தனியாக ஒரு வேலை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு இப்போது தகரத்தில் மழை சத்தமாக விழுந்தாலே கை நடுங்குகிறது. பிள்ளைகள் இரவில் எழுந்து உட்காருகிறார்கள். பயப்படாதே என்று சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது, ஏனென்றால் அது பொய்ப் பயம் இல்லை. எந்த லயம் அபாயத்தில் இருக்கிறது, எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக எந்த மண்டபத்துக்குப் போவது, வயதானவர்களை யார் தூக்குவது என்று மழைக்கு முன்னாலேயே ஒத்திகை பார்த்த டிவிசனில் சனங்கள் கொஞ்சமாவது தூங்குவார்கள். பாதுகாப்பான காணியும் வீடும் கேட்கிற நமது போராட்டம் அது பாட்டில் தொடரும்.

பரீட்சைப் பெறுபேறு வருகிற வாரம், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகிற வாரம், தாய் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள், சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் அலைந்துகொண்டிருக்கிற ஓய்வுபெற்றவர்கள், இவர்களையும் கலண்டரில் குறியுங்கள். ஓய்வு பெற்றவர் வேலையோடு சேர்த்துப் பேச்சுத் துணையையும் இழக்கிறார். கேட்கிற அக்காமார் மாதம் ஒரு தடவை அவர்கள் காம்பராவை எட்டிப் பார்த்தாலே போதும்.

நிர்வாகத்தோடு பேசும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒக்டோபர் விழாவுக்குச் சம்மதம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்வார்கள். முதலில் அட்வான்ஸ் பிடிப்பு, கிளினிக் நாள், கேட்கிறவர்களின் அரை நாள், மருந்து ஸ்டோர் இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு விழாவையும் வைத்துக்கொள்வோம், பணிசும் சாப்பிடுவோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர் வந்து பேசினார்கள், எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள், எத்தனை வார்னிங் கடிதம் போகாமல் தடுக்கப்பட்டது. எண்கள் மட்டும், ஒரு பெயரும் கூடாது.

வெளியில் மேசையில் கலண்டர் தாள்கள் வைத்திருக்கிறோம். டிவிசனுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் பெண்களை உட்கார வைத்து, எந்த மாதம் கஷ்டம் என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள், நீங்கள் குறிக்க வேண்டாம். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும், தெரிவான மூன்று பேரின் பெயரையும் கொண்டு வாருங்கள். அதை வைத்துத்தான் கம்பனிக்குக் கடிதம் எழுதப் போகிறோம்.